வெள்ளையடிக்கும் நாட்களில் பாம்பு டப்பாவைக் கதகதப்பாக வைப்பது எப்படி?

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் பக்கம் வழக்கம். காப்புக் கட்டும் நாளுக்குள் வேலை முடிந்தாக வேண்டும். பாம்பு வளர்க்கிற வீட்டில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெயின்ட் நெடி பாம்புக்கு ஆகாது, அதனால் அதை வேறு அறைக்கு மாற்றியாக வேண்டும். பெரிய கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் டப்பா, காலியாக இருக்கிற ஏதோ ஓர் அறை. காலியாக இருக்கிற அறை என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே குளிரான அறையாகத்தான் இருக்கும். மார்கழி விடியற்காலையில் கோயமுத்தூரில் 18 டிகிரிக்கும் கீழே போவது உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாம்புக்கு அது பத்தாது.

எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். கணபதியில் பட்டறை. வீட்டில் இருப்பது ஒரு பால் பைத்தான் (பந்து மாதிரிச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை), பெயர் ராகி. மகள் வாங்கியது. அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், "அப்பா, பாத்துக்கங்க" என்று பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. ஹீட்டர், தெர்மோஸ்டாட் (குறித்த சூட்டில் ஹீட்டரை நிறுத்தி ஓட்டும் கருவி), இன்சுலேஷன் எல்லாம் நான் அன்றாடம் புழங்குகிற சங்கதிகள் என்பதால் டப்பா விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இதெல்லாம் பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் மாதிரி வெளிநாட்டு வளர்ப்புப் பாம்புகளுக்கு. தோட்டத்தில் பிடித்த சாரையையோ வாய்க்கால் ஓரம் கிடைத்த மலைப்பாம்புக் குட்டியையோ டப்பாவில் போட்டு வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். பால் பைத்தானுக்கும் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பதிவு தேவை, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் செய்ய வேண்டும். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக பாம்பை வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால்.

எவ்வளவு சூடு வேண்டும்?

பால் பைத்தானுக்கு டப்பாவின் ஒரு முனையில் தரைச் சூடு 31, 32 டிகிரி. மறுமுனையில் 25, 26. இரவில் குளிர் முனை 24க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் நிம்மதி. கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, கொஞ்சம் குளிர் தாங்கும். அதற்குச் சூடான முனை 28 முதல் 30, குளிர்ந்த முனை 22, 23 போதும்.

இரண்டு முனைக்கும் வித்தியாசம் இருப்பதுதான் முக்கியம். டப்பா முழுவதையும் 32 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லாமல் போகும். அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும், போதும் என்றால் நகர்ந்துபோகும். அந்த நகர்வுக்கு டப்பாவில் இடம் விடுவதுதான் நம் வேலை.

இதை எங்கள் அம்மாவுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். "பாவம், நடுங்குமப்பா, ஒரு கம்பளியப் போத்தி உடு" என்றார். நமக்குக் கம்பளி உதவுவது நம் உடம்பே அடுப்பாக இருப்பதால். பாம்பைக் கம்பளியில் சுற்றி வைத்தால், அறை என்ன குளிரோ அதே குளிரில் கம்பளிக்குள் கிடக்கும். முதலில் சூடு வர ஒரு இடம் வேண்டும். அது இருந்தால் அப்புறம் கம்பளியும் தெர்மோகோலும் வேலை செய்யும்.

டப்பாவும் அதன் இடமும்

மூடியில் கொக்கி இருக்கிற, உயரம் குறைவான, நீளமான டப்பாவாகப் பாருங்கள். பாம்பு மூடியை நெம்பித் திறந்துவிடும். கொக்கி இல்லாவிட்டால் கடையில் சாமான் கட்டும் பெல்ட்டைச் சுற்றி இறுக்குங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட சால்டரிங் அயர்ன் வசதி. உள்ளிருந்து வெளியே குத்துங்கள். அப்போதுதான் பிசிறு வெளிப்பக்கம் நிற்கும், பாம்பின் மூக்கு உரசாது. இந்த வேலையைத் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை போகும்வரை டப்பாவைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

டப்பாவைத் தரையில் வைக்க வேண்டாம். ரெட் ஆக்ஸைடு தரையாக இருந்தாலும் டைல்ஸாக இருந்தாலும் நீங்கள் கொடுக்கிற சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும். ஒரு மேஜை மேல் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், உள்சுவர் ஓரமாக. ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம். நம்மூரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எந்தச் சந்திலும் நுழைந்துவிடும், ஓட்டு வீடாக இருந்தால் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியே போதும். அந்த இடைவெளியில் பழைய சாக்கைத் திணித்து அடையுங்கள். அந்த ஒரு வேலையிலேயே அறையின் குளிர் பாதி குறையும்.

ஃப்ரிட்ஜ் மேல், வாஷிங் மெஷின் பக்கத்தில், இன்வெர்ட்டர் ஸ்டாண்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், "அங்கே சூடா இருக்குங்க" என்று. சூடு இருக்கும்தான். கூடவே அதிர்வும் இருக்கும். பாம்புக்குத் தரை அதிர்வு நன்றாகத் தெரியும். கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கிற இடத்தில் அது நிம்மதியாகச் சுருண்டு படுக்காது. சமையலறையும் வேண்டாம், எண்ணெய்ப் புகை. பூஜை அறையும் வேண்டாம், மார்கழியில் சாம்பிராணி நிற்காது.

தெர்மோஸ்டாட்டை முதலில் வாங்குங்கள்

ஹீட் மேட்டை (டப்பாவுக்கு அடியில் வைக்கிற, கரண்டில் சூடாகும் மெல்லிய விரிப்பு) வாங்கிவிட்டு, "தெர்மோஸ்டாட் அப்புறம் பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு நான் சொல்வது, அப்படியானால் மேட்டையும் அப்புறமே வாங்குங்கள். கன்ட்ரோல் இல்லாத மேட் அடைபட்ட இடத்தில் 45 டிகிரியையும் தாண்டும். அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு விலகாமல் அங்கேயே படுத்துக் கிடக்கும். வெந்த செதில் உரிந்து ஆற மாதக்கணக்கில் ஆகும்.

பாம்புக்கென்று தனியாக விற்கும் தெர்மோஸ்டாட் விலை அதிகம். ஆனால் நாம் இருப்பது கோழிப் பண்ணை நாடு. பல்லடம், நாமக்கல் பக்கம் நாட்டுக்கோழி முட்டை பொரிக்க இன்குபேட்டர் செய்கிறவர்கள் போடுகிற எஸ்டிசி-1000 கன்ட்ரோலர் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்சார் வயரோடு வரும், 0.1 டிகிரி வரை காட்டும். டிஃபரன்ஸை (எத்தனை டிகிரி இறங்கினால் மேட் மறுபடி ஓட வேண்டும் என்பது) 0.5இல் வையுங்கள். ஆனால் இது திறந்த டெர்மினல் உள்ள சாமான், பின்னால் 230 வோல்ட் நிற்கும். ஒரு பெட்டிக்குள் போட்டு, கேபிளை க்ளாம்ப் செய்து, ஃபியூஸ் வைத்து, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கப் போகிற இடம் இது. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிற லைனில் இருந்து எடுத்தால் நல்லது.

அதே கோழிக் கடையில் குஞ்சுக்கு வைக்கிற புரூடர் பல்பும் கண்ணில் படும், விலையும் சல்லிசு. வாங்காதீர்கள். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி தேவை. அது திறந்தவெளிக் கூண்டில், உயரத்தில் தொங்கவிட்டு வைக்கிற பல்பு. பிளாஸ்டிக் மூடி மேல் வைத்தால் மூடி உருகும். இரவெல்லாம் வெளிச்சம் அடித்தால், இரவில் நடமாடும் பாம்பு மறைவிடத்தை விட்டு வெளியே வராது. சிவப்பு பல்பும் அதே கதைதான். மெடிக்கலில் கிடைக்கிற முதுகுவலி ஹீட்டிங் பேடும் சரிப்படாது. மனிதன் பார்த்துக்கொண்டே இருந்து அணைக்கிற பொருள் அது.

மேட்டைப் பொருத்துவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

மேட் டப்பாவின் அடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், ஒரு முனையில். வெளியே, டப்பாவுக்குக் கீழே. உள்ளே வைக்கவே கூடாது. மேஜை மேல் முதலில் ஒரு தெர்மோகோல் ஷீட், அதன்மேல் ஒரு ப்ளைவுட் துண்டு, அதன்மேல் இரண்டு ரீப்பர் கட்டை, அதன்மேல் டப்பா. மேட் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும், ப்ளைவுட்டைத் தொடாது, நடுவே ஒரு விரல் இடைவெளி. மேட்டை நேராகத் தெர்மோகோல் மேல் போட்டு, அதன்மேல் டப்பாவின் கனத்தை ஏற்றினால் சூடு போக வழியில்லாமல் ஒரே இடத்தில் தேங்கும். மோட்டார் ஸ்லாட்டில் காயில் எரிவதும் இப்படித்தான், சூடு வெளியேற இடம் கொடுக்காததால்.

சென்சார் முனையை மேட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே வைத்து, சூடு தாங்குகிற டேப்பால் ஒட்டுங்கள். நான் வைண்டிங்குக்கு வைத்திருக்கிற கேப்டான் டேப்பை ஒட்டுகிறேன். அலுமினிய டேப்பும் நன்றாக நிற்கும். சாதாரண இன்சுலேஷன் டேப் இரண்டு நாள் சூட்டில் பசை இளகி நழுவிவிடும். சென்சார் நழுவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது குளிர்ந்த காற்றை அளந்து, "இன்னும் சூடு பத்தவில்லை" என்று மேட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் இருந்தும் பாம்பு வேகும். ஆகவே வயரை மேஜைக் காலோடு ஒரு டை போட்டுக் கட்டிவிடுங்கள், யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் முனை அசையக் கூடாது.

டப்பாவுக்கு உள்ளே மட்டும் எந்த டேப்பும் வேண்டாம். பசை செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது தோலோடு வரும். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் வயரை ஓட்டை வழியாக விட்டு, வெளிப்பக்கம் ஒட்டுங்கள். முனை காகிதத்துக்கு அடியில் கிடக்கட்டும்.

உள்ளே தரைக்குச் செய்தித்தாள் போதும், இரண்டு மூன்று தாள். வீட்டுத் தொட்டியில் நாங்கள் போடுவது பொள்ளாச்சித் தேங்காய் மட்டைச் சில்லு. ஈரப்பதத்துக்கு அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் தற்காலிக டப்பாவில் அதைக் கனமாகக் கொட்டினால் மேட்டின் சூடு மேலே வராமல் அடியிலேயே நிற்கும். பாம்பு சூடு தேடித் தோண்டிக்கொண்டு போய் வெறும் பிளாஸ்டிக்கில் படுக்கும், அங்கே சூடு நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும்.

ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடம் வேண்டும், சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. கவிழ்த்த மண்சட்டியில் வாசல் உடைத்து, விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும். ஒன்றுதான் இருந்தால், பயந்த பாம்பு சூடோ குளிரோ பார்க்காமல் அதற்குள்ளேயே கிடக்கும். தண்ணீர்க் கிண்ணம் குளிர்ந்த பக்கம், கவிழாத கனமான கிண்ணம். மேட்டுக்கு மேலே வைத்தால் ஆவியாகி டப்பா முழுக்க வேர்த்துவிடும். பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 60 சதவீதம் வாக்கில் இருந்தால் நல்லது, ஆனால் சுவரில் நீர் வழிகிற அளவுக்கு வேண்டாம்.

இப்போது பாம்பு இல்லாமல் ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். கன்ட்ரோலரில் 34 வைத்தால் உள்ளே காகிதத்துக்கு அடியில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். டப்பாவின் பிளாஸ்டிக் தடிமனைப் பொறுத்து மேட்டில் இருக்கிற சூட்டைவிட உள்தரை இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். உள்ளே 32 வரும்வரை கன்ட்ரோலரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், இறக்குங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கிற தெர்மாமீட்டர் இருந்தால் விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைக்கத் தேவையில்லை. லேசர் புள்ளி அடிக்கிற துப்பாக்கித் தெர்மாமீட்டர் மேல்பரப்பை மட்டும் காட்டும். காற்று எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

அறைக் காற்று ரொம்பக் குளிராக இருந்தால்

மேட் தரையைச் சுடவைக்கும், காற்றைப் பெரிதாகச் சுடவைக்காது. அறை 18இல் இருந்தால் டப்பாவின் குளிர் முனை 20, 21இல் நிற்கும். அதைச் சரிசெய்ய மேட்டின் சூட்டை ஏற்றக் கூடாது. முதலில் டப்பாவின் மூன்று பக்கமும் ஒரு அங்குல தெர்மோகோல் சாத்துங்கள். மீன் வருகிற பெட்டியை வெட்டிக் கழுவினாலும் ஆகும். காற்று ஓட்டைகளை மட்டும் அடைக்காதீர்கள். மூடியின் மேல் பாதிக்கு ஒரு மடித்த போர்வை, சூடான முனைப் பக்கமாக.

அதுவும் பத்தவில்லை என்றால் அறையையே கொஞ்சம் சூடாக்க வேண்டியதுதான். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டரைக் குறைந்த நிலையில் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். சின்ன அறையாக இருந்தால் 24க்கு வந்துவிடும். ஊதுகிற ஃபேன் ஹீட்டர் காற்றைக் காயவைத்துவிடும், தோல் துண்டு துண்டாக உரியும். கம்பி சிவந்து எரிகிற ஹீட்டரும் கரி போட்ட கணப்பும் மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். கரிப்புகை பாம்பைப் பிடிப்பதற்கு முன்னால் உங்களைப் பிடிக்கும்.

செலவைப் பார்த்தால், 20 வாட் மேட் இருபத்து நாலு மணி நேரமும் நிற்காமல் ஓடினாலும் அரை யூனிட்டுக்குக் கீழேதான். ரேடியேட்டர் ஹீட்டர் அதை அரை மணி நேரத்தில் தின்றுவிடும். அதனால்தான் சாக்குத் திணிப்பதையும் தெர்மோகோல் சாத்துவதையும் முதலில் சொன்னேன்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். பகல் என்பதால் பெரிய கவலை இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மேட்டை அந்த லைனில் போட்டுவிடுங்கள், ஒரு சின்ன பல்பு அளவுதான் இழுக்கும். இரவில் போய்விட்டால், இன்வெர்ட்டரும் இல்லை என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கிற வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, டப்பாவுக்கு வெளியே சூடான முனையில் தெர்மோகோலுக்கும் டப்பாவுக்கும் நடுவே செருகுங்கள். அதன்மேல் அம்மாவின் கம்பளியைத் தாராளமாகப் போர்த்தலாம். பாட்டிலை உள்ளே மட்டும் வைக்காதீர்கள். நல்ல ஆரோக்கியமான பாம்பு சில மணி நேரம் 20, 21இல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அவசரப்பட்டு வெந்நீரில் குளிப்பாட்டுவது, கைக்குள் வைத்துத் தேய்ப்பது எல்லாம் அதற்குக் கூடுதல் தொல்லை.

இரை விஷயத்தில் கறாராக இருங்கள். சூடு இல்லாமல் செரிக்காது, வயிற்றில் எலி அழுகிப்போய் கக்கிவிடும். கக்கின பாம்பு தேற வாரங்கள் ஆகும். டப்பாவுக்கு மாற்றிய பிறகு ஒரு வாரம் சூடு ஒழுங்காக நின்றால்தான் இரை. வெள்ளையடிக்கிற இரண்டு வாரமும் கொடுக்காமல் விட்டாலும் வளர்ந்த பால் பைத்தானுக்கு நட்டம் இல்லை. குளிர்காலத்தில் அதுவே மாதக்கணக்கில் வேண்டாம் என்று ஒதுக்குகிற ஜாதி.

அதன் நடத்தையைப் பார்த்தே சூட்டைக் கணிக்கலாம். ராகி பகலில் சூடான சட்டிக்குள் சும்மாடு மாதிரி இறுக்கமாகச் சுருண்டு, தலையை மேலே வைத்துப் படுத்திருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மெல்ல வெளியே வந்து குளிர்ந்த பக்கம் ஒரு நடை, தண்ணீர்க் கிண்ணத்தில் நாக்கு, திரும்பச் சட்டி. இப்படி இருந்தால் எல்லாம் சரி. நாள் முழுக்கச் சூடான முனையை விட்டு நகரவே இல்லை என்றால் குளிர் முனை ரொம்பக் குளிர்கிறது. நாள் முழுக்கக் குளிர்ந்த மூலையில் ஒடுங்கியோ, மூடியில் மூக்கை முட்டிக்கொண்டோ இருந்தால் சூடு அதிகம். உடனே உள்தரையை அளந்து பாருங்கள்.

வாயைத் திறந்தே மூச்சு விடுவது, விசில் மாதிரிச் சத்தம், மூக்கில் அல்லது வாயோரம் சளிக் குமிழ், தலையைத் தூக்கிக்கொண்டே இருப்பது — இவை சளி நெஞ்சில் இறங்கியதற்கு அடையாளம், வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. முன்கூட்டியே விசாரித்து ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போன் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். கொண்டுபோகும்போது துணிப்பையில் போட்டு, பையைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். மூடியில் இரண்டு ஓட்டை.

பெயின்ட் காய்ந்தவுடனேயே பாம்பைப் பழைய தொட்டிக்கு மாற்ற வேண்டாம். ஜன்னலைத் திறந்துபோட்டு, மூக்கில் நெடி துளியும் படாத நாள்வரை பொறுங்கள். தொட்டியின் ஹீட்டரை முந்தைய நாளே போட்டுச் சூடு நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு, மத்தியான வெயிலில் மாற்றுங்கள். டப்பாவையும் ரீப்பர் கட்டையையும் தெர்மோகோலையும் ஒன்றாகக் கட்டி, எலி கடிக்காத இடமாகப் பார்த்துப் பரண்மேல் போடுங்கள். ஆடிக்காற்று அடிக்கிற மாதத்தில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மறுபடியும் தேவைப்படும். கன்ட்ரோலரை மட்டும் பரணில் போடாமல் உள்ளே அலமாரியில் வையுங்கள்.